புலாலுணவும் உடல் நலமும்

புலாலுணவு உடம்பிற்குத் தீங்கு பயப்பது. ஆதலின் அது விலக்கற்பாலது என்னும் வாதம் நம் சைவ மேடைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. யாமும் முப்பதாண்டிற்கு மேலாக அவ்வாதத்தைக் கூறி வந்தோம். மக்களின் பல்லமைப்பையும் குடலின் நீளத்தையும் எடுத்துக்காட்டினோம். யானையும் குதிரையும் புல்லுண்டே வலிமை பெறுதலைச் சான்றாக நிறுத்தினோம். அவையோரும் கைகொட்டி மகிழ்ந்தனர். சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், ஐயனார் கோயிலில் வைத்து எம் பழைய மாணவரொருவர் வினாவிய வினா அவ்வாதத்தை எம் கையினின்றும் வாங்கிவிட்டது. அதனை இழந்தபின் புலால் மறுத்தற்கு எஞ்சி நிற்கும் காரணம் யாதென ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இராசபாளையத்திற்கு மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்மலையின் அடிவாரத்துக் காட்டில், ஆற்றங்கரையில் நீர் காத்த ஐயனார் கோயில் கொண்டிருக்கின்றார். மழை மிகுந்து ஆறு பெருகுங்கால் வனத்துறையார் வழியை அடைத்துவிடுவர். மற்றை நாட்களிற் சுற்றூரார் குடும்பத்தோடு சென்று, நீராடி வழிபட்டு, மரநிழலிலிருந்து உண்டு, மாலையில் மீள்வர். அன்று யாம் ஒரு பாறையிலமர்ந்து இல்லத்திலிருந்து கொணர்ந்த தயிர்ச்சோற்றைப் பிரித்தோம். சற்றுத் தொலைவில் ஒரு குடும்பத்தார் ஊரிற் சமைத்துக் கொணர்ந்த கறிச்சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தனர். எம்மோடு வந்த மாணவர் தயிர்ச்சோற்றைத் தீண்டவில்லை. பொட்டலத்திலிருந்து அவித்த முட்டை நான்கினை எடுத்து, எம் முகத்தை நோக்காமலே, "ஐயா மன்னிக்க வேண்டும், சோறு உண்டு எட்டு மாதமாயிற்று" என்றார்.

அவர் நூற்பாலையொன்றிற் கணக்கர், வயது 48. பிறப்பாற் சைவ மரபினர். இளமையில் எம்மிடம் நன்னூலும் திருவருட்பயனும் பாடங்கேட்டவர். சமய தீக்கையும் பெற்றவர். எட்டாண்டுகளாக நீரிழிவு அவரைப் பற்றியிருந்தது. மாத்திரை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே சென்றது. இரவில் உள்ளங்கால் நெருப்பில் வைத்தாற்போல எரியும். பெருவிரலிற் பட்ட சிறுபுண் மூன்று திங்களாகியும் ஆறவில்லை. குருதிச் சருக்கரையின் மும்மாதச் சராசரி 10.4 விழுக்காடாக நின்றது. அந்நிலையில் நண்பரொருவர் சொற்கேட்டு அரிசி, கோதுமை, பருப்பு, பழம், காய் அனைத்தையும் ஒருங்கே விடுத்து, ஆட்டிறைச்சியும் மீனும் முட்டையும் நெய்யும் உப்புமே உணவாகக் கொண்டார். எட்டுத் திங்களில் உடலெடை 92 கிலோவிலிருந்து 76 ஆயிற்று, சராசரி 6.1 ஆயிற்று, மருத்துவர் நான்கு மாத்திரைகளை ஒன்றாகக் குறைத்தார், புண் ஆறிற்று. கால் எரிச்சல் நீங்கி விடியும்வரை உறங்கியதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இல்லத்திலோ வேறொரு துன்பம். அவர்தம் அன்னையார் எழுபத்தைந்தாண்டு நிரம்பியவர். தேவாரம் ஓதாமல் நீரும் அருந்தாதவர். தம் அடுக்களையில் ஊன் சமைக்க உடன்படார். மகனார் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் தனியடுப்பு மூட்டித் தாமே சமைத்துத் தனியே உண்கின்றார். நோய் தணிந்ததற்கு மகிழவும் மாட்டாமல், உணவு மாறியதற்கு அழவும் மாட்டாமல் அவ்வம்மையார் இருக்கின்றார். "ஐயா, ஊனுண்பார்க்கு நோய் பெருகுமென்று தாங்கள் வகுப்பிற் கூறினீர்கள். தாங்கள் கூறியது பொய்யா, என் உடம்பு கூறுவது பொய்யா?" என்பது அவர் வினா.

யாம் உடனே விடை கூறவில்லை. கூறுதற்கு ஒன்றும் இல்லாமையே காரணம்.

இல்லம் மீண்டபின் இப்பொருள் பற்றிய மருத்துவச் செய்திகளை அறிந்தார் வாயிலாகத் திரட்டினோம். மாணவர் கண்டது புதுமையன்று என்பது தெரிந்தது. ஜான் ரோலோ என்னும் படை மருத்துவர் நீரிழிவுற்ற மெரிடித் என்னும் படைத்தலைவர்க்கு ஊனுணவையே பெரும்பாலும் கொடுத்து, சிறுநீரிற் சருக்கரை குறைந்தமையை 1797 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இன்சுலின் 1922 இல் முதன்முதல் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்படும்வரை, மாப்பொருளைக் குறைத்தலன்றி அந்நோய்க்கு வேறு பற்றுக்கோடு மிகவில்லை. வட துருவத்தை அடுத்த பனிநிலத்து மக்களோடு பல்லாண்டு வாழ்ந்த ஸ்டெபான்சன் என்பாரும் அவர் தோழர் ஒருவரும் 1928 இல் நியூயார்க்கு பெல்வியூ மருத்துவமனையார் மேற்பார்வையில் ஓராண்டு ஊனேயன்றிப் பிறிதொன்றும் உண்ணாதிருந்தனர். கொழுப்பு நீக்கிய ஊனை மட்டும் கொடுத்தபோது ஸ்டெபான்சன் நோயுற்றார்; கொழுப்பையும் சேர்த்தபின் நலமுற்றார். ஆண்டிறுதியில் இருவர்க்கும் ஊறொன்றும் காணப்படவில்லையென்று மருத்துவர் 1930 இல் எழுதினர். நம் தமிழ்நாட்டிலும் 2015 ஆம் ஆண்டை ஒட்டி நியாண்டர் செல்வன் என்னும் புனைபெயருடையார் எழுத்தாலும், 'ஆரோக்கியம் நல்வாழ்வு' என்னும் முகநூற் குழுவாலும் பேலியோ உணவு என்னும் முறை பரவிற்று. மும்மாதச் சராசரி இவ்வளவிலிருந்து இவ்வளவாயிற்று என்று தத்தம் பரிசோதனைத் தாளோடு எழுதினார் மிகப் பலர். இத்துணைப் பேரும் பொய்யுரைத்தார் எனல் நேர்மையன்று.

மறுபக்கமும் கூறற்பாலது. ஊன் ஒன்றையே உண்பார் 2029 பேரிடம் வினாவித் தொகுத்த அமெரிக்க ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. அவருட் பெரும்பாலார் உடல்நலம் மேம்பட்டதென்றே உரைத்தனர். ஆயினும் அளவு தெரிவித்தார்க்குத் தீய கொழுப்பெனப்படுவது வரம்பிற்கு மிக மேற்பட்டிருந்தது. அன்றியும் அம்முறையால் நலங்குன்றிக் கைவிட்டார் அக்கணக்கில் வாரார். கோயிலினின்று மீள்வாரிடமே வழி நன்றாவென்று வினாவுதல் போலும் அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவினர் 2015 இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைப்பன வரிசையிலும், ஆடு மாடு பன்றி முதலியவற்றின் செவ்விறைச்சியைப் பெரும்பாலும் விளைக்கக்கூடுவன வரிசையிலும் வைத்தனர். இருபது முப்பதாண்டு ஊனே உண்டார் நிலை யாதென நெடிது நோக்கிய ஆராய்ச்சி இல்லை.

இனி அளவை நூல் வழியே இதனை நோக்குவோம். ஊனுண்டவிடத்து நோய் தணிந்தது என்பது அந்நுவயம். ஊனில்லாதவிடத்து அத்தணிவும் இல்லை என்னும் வெதிரேகம் பெறப்பட்டாலன்றி ஊனே காரணமென்று துணிதல் ஆகாது. மாணவர் ஒரே நாளில் இரண்டு செய்தார்: ஊனைக் கொண்டார், சோற்றை விட்டார். அடுப்பினின்று விறகை வாங்கிவிட்டுப் பொங்கும் பாலில் ஒரு கல்லையும் இட்டவன், பொங்கல் தணிந்தது கல்லாலென்று கருதுதல் கூடும். மாப்பொருள் செரித்துச் சருக்கரையாய்க் குருதியிற் சேர்வது. அச்சருக்கரையை ஆளமாட்டாத உடம்பே நீரிழிவுடம்பு. ஆகவே விறகு வாங்கியமை யாண்டுளது என்பது தெளிவு.

இதனை எம்மேலே வைத்துப் பார்த்தோம். எமக்கும் பதினோராண்டாக இந்நோய் உண்டு. மருத்துவரிடம் உரைத்து, மாத்திரையை அவர் சொல்லிய அளவிற் குறைத்துக்கொண்டு, சோறும் இட்டிலியும் விடுத்தோம். மாத்திரை உண்பார் மாப்பொருளைத் திடீரென நிறுத்துவராயிற் சருக்கரை அளவிறந்து தாழ்ந்து மயக்கமுறுதலும் உண்டாதலின், மருத்துவரை அறிவியாது இதனைச் செய்தல் தகாது. ஊறவைத்த பாதாம்பருப்பு, கீரை, வெண்டை, தேங்காய், பனீர், மோர் இவற்றோடு நான்கு திங்கள் இருந்தோம். சராசரி 8.3 இலிருந்து 7.1 ஆயிற்று. மாணவர்க்கு இறங்கிய அளவு எமக்கு இறங்கவில்லை. எம் வயதும் வேறு. எனினும் ஓருயிரையும் கொல்லாமல் இறங்கிற்று. (இட்டிலியைத் துறத்தல் ஊனைத் துறத்தலினும் அரிதென்பதை அக்காலத்தே அறிந்தோம். ஊனைத் துறந்தோமென்று இத்துணையாண்டு பெருமை பேசியது உண்ணாத ஒன்றை உண்ணாமைக்கே.) மற்றொன்றும் மறைத்தல் கூடாது. பாதாமும் பனீரும் விலை மிகுந்தன, முட்டை மலிவு. நாட்கூலி பெறுவானொருவனுக்கு எம் உணவைச் சொல்லிவிட்டு வருதல் எளிது. வாங்கித் தருதல் எளிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர். அவருட் பாதாம் வாங்க வல்லார் எத்துணையர்?

இதனோடு நின்றுவிட்டால் யாம் பழைய குழியிலேயே மீண்டும் வீழ்ந்தவராவோம். சைவவுணவாலும் நோய் தணியும், ஆதலின் ஊன் வேண்டா என்பது, ஊனாலேயே தணியும் ஒரு நோய் நாளைக் காணப்படுமாயின் ஊன் வேண்டும் என்பதற்கு உடன்பட்டதாய் முடியும். உடம்பின் ஊதியத்தை அடிப்படையாக வைத்துக் கட்டிய விரதம், அவ்வூதியம் எதிர்ப்பக்கம் சாயும் நாளில் உடன் சாயும். எம் மாணவர்க்குச் சாய்ந்தது அவ்வாறே; சாய்த்தது அவர் நாவன்று, யாம் வகுப்பில் இட்ட அடிப்படை.

திருவள்ளுவர் இவ்வடிப்படையை இடவில்லை. புலால் மறுத்தல் என்னும் 26 ஆம் அதிகாரம் முழுவதையும் மீளவும் நோக்கினோம். பத்துக் குறளினும் ஊனுண்பார்க்கு நோய் வருமென்னும் சொல் இல்லை. மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தில், உண்டது அற்றதறிந்து அளவோடு உண்க என்று பலபடியாக வற்புறுத்தியவர், ஆண்டு ஊனைப்பற்றி ஒன்றும் உரைத்திலர். அன்றியும் 26 ஆம் அதிகாரத்து முதற் குறளிலேயே, தன்னுடம்பு பெருகுதற்பொருட்டுப் பிறிதோருடம்பைத் தின்பவனிடத்து அருள் எவ்வாறு நிலைபெறுமென வினாவுகின்றார். ஊனால் ஊன் பெருகுமென்பதனை அவர் மறுக்கவில்லை, உடன்பட்டுக்கொண்டே வினாவுகின்றார். மருத்துவன் கூறக்கூடிய பயனை முன்னரே கொடுத்துவிட்டு, அப்பயன் வந்தவிடத்து அருள் போயிற்றே என்கின்றார். இக்குறளை எத்துணை முறை பாடஞ் சொல்லியிருப்போம்! 'பெருகுதற்பொருட்டு' என்பதன் எடை இம்மாணவர் உடம்பைக் கண்டபின்னரே எமக்குப் புலனாயிற்று. நம் பழைய மருத்துவ நூலாரும் அவ்வாறே. பதார்த்த குண சிந்தாமணி ஊன் வகைகளின் குணங்களையும் உரைக்கின்றது. ஊனிற் குணமில்லை என்று மருத்துவனும் சொல்லவில்லை, அறவோனும் சொல்லவில்லை. இடைக்காலத்து மேடையேறிய எம்போல்வாரே சொன்னோம்.

சித்தாந்தத்தின்பாற் கொள்ளும் காரணம் வருமாறு. உயிர்கள் பல, ஒவ்வொன்றும் அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டது. அப்பிணிப்புத் தேய்தற்பொருட்டு இறைவன் தனு கரண புவன போகங்களை அவ்வவ்வுயிர்க்கு ஏற்பக் கூட்டுகின்றான். எம்முடம்பு எமக்கு எக்காரணத்தாற் கொடுக்கப்பட்டதோ, ஆட்டின் உடம்பும் ஆட்டுயிர்க்கு அக்காரணத்தாலேயே கொடுக்கப்பட்டது. அது வினை நுகர்ந்து தீர்க்க அளித்த கருவியை இடையிற் பறித்து எம் கருவியைச் செப்பனிடுதல், அளித்தவன் திருவுள்ளத்திற்கு மாறாகும். இக்காரணம் குருதிச் சருக்கரை ஏறினும் நிற்கும், இறங்கினும் நிற்கும்.

அற்றேல், புலி ஊனே உண்கின்றதே, அதற்குப் பாவம் உண்டோ என்பர். அம்மலையே 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. மானைக் கொன்று தின்னும் புலியைக் காத்தற்கு அரசே பொருள் செலவிடுகின்றது. புலியின் தனு அதனையன்றிப் பிறிதொன்று செரிக்க மாட்டாது. இது தகும், இது தகாதென ஆராய்ந்து விலகும் கரணமும் அதற்கு இல்லை. மாந்தர்க்கு இரண்டும் உண்டு. புலியைச் சான்று காட்டுவார் புலிக்கு இல்லாத ஒன்றால் அன்றோ சான்று காட்டுகின்றார்! செடியும் உயிருடையதே என்பார்க்கு விடை சுருக்கமானது: உடம்பெடுத்தார் முற்றும் ஊறு செய்யாதிருத்தல் இயலாது, ஓரறிவுயிர்க்கும் ஐயறிவுயிர்க்கும் நோவுணர்ச்சி ஒன்றன்று, குறைக்கக் கூடிய ஊற்றைக் குறைத்தலே செய்யத்தக்கது.

பாலைப்பற்றிய தடைக்கு அத்துணை எளிதாக விடை இல்லை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019 இற் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சுவையை அறியாத சைவர் இப்பக்கத்தில் இலர். அப்பாலைக் கறந்த பசுவின் காளைக்கன்று யாண்டுச் சென்றது? கறவை வற்றிய பசுவை யார் வாங்கினர்? நம் தயிரும் நெய்யும் இறைச்சிக்கடையிலிருந்து நாம் எண்ணுமளவு தொலைவில் இல்லை. எம் நான்கு திங்கட் பனீரும் இக்கணக்கில் உட்பட்டதே. இதனை அறிந்தார் ஊனுண்பாரை நோக்கி உரத்துப் பேசார்.

கண்ணப்ப நாயனாரை இடையிற் கொணர்வாரும் உளர். எம் மாணவரும் கொணர்ந்தார். சேக்கிழார் பெருமான் உரைத்த வரலாற்றைச் சற்று நின்று நோக்குக. திருக்காளத்தியில் அவர் இறைவன் திருமுன் இருந்த ஆறு நாளினும் ஊனைக் காய்ச்சினார், வாயிலிட்டுப் பதம் பார்த்தார், நல்லனவற்றைத் தெரிந்து படைத்தார். தாம் உண்டிலர். வாயிலிட்டதை உண்ணாமல் உமிழ்ந்து தொகுத்தலைக் கண்டே நாணனும் காடனும் இவர்க்குப் பித்தேறிற்றென்று அஞ்சினர். இறுதியில் தம் கண்ணையே இடந்து அப்பினார். பிறர் ஊனால் தம் உடம்பைப் பேணியவர் அல்லர் அவர். தம் ஊனால் இறைவன் கண்ணைப் பேணியவர். நீரிழிவிற்கு அவரைச் சான்றாகக் கூவுதல் அவர் வரலாற்றைப் பாதியிலே நிறுத்துதலாம். ஆயினும் அவ்வரலாற்றில் மற்றொன்றும் உளது. ஆகமம் உணர்ந்த சிவகோசரியார் அவ்வூனைக் கண்டு உள்ளம் நொந்து கழுவினார். இறைவனோ அவரைக் கடியவுமில்லை, வேடரை விலக்கவுமில்லை. எம் மாணவர்தம் அன்னையாரை நினையுந்தோறும் சிவகோசரியாரே எம் நினைவிற்கு வருகின்றார்.

ஈண்டு ஒன்று இடைச்செருகலாகச் சொல்லுகின்றோம். ஒரு சமயத்தின் பெயர் உணவின் பெயராய் வழங்குதல் தமிழில் நேர்ந்தது. 'சைவம்' என்று உணவுவிடுதிப் பலகையில் எழுதுகின்றனர்; அதற்கு மறுதலையாக 'அசைவம்' என்றொரு சொல்லும் பிறந்தது. சிவனை வழிபடும் காசுமீரத்தாரும் நேபாளத்தாரும் பலர் ஊனுண்பவர். அவர்க்கு இச்சொல் விளங்காது. பெயர் இலையில் ஏறியபின், நெற்றியில் நீறில்லாதானும் அடுக்களையால் சைவனாகின்றான். பதியும் பசுவும் பாசமும் அறிய முயலும் எம் மாணவர் நான்கு முட்டையால் தம்மைச் சைவர் அல்லரென்று எண்ணிக் கலங்கினார். இஃது எவர் செய்த பிழை?

ஆயின் மாணவர் செய்தது பாவமா? தென்னாட்டு ஐயனார் கோயில்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஐயனார் ஊன் கொள்ளார். உடனுறை காவற்றெய்வங்கள் கொள்ளும். காவற்றெய்வத்திற்குக் கிடாய் வெட்டும்போது ஐயனார் திருமுன் திரையிடுவர். கோயிற் பலியை விலக்கிச் சட்டமொன்று 1950 இல் இயற்றப்பட்டது. 2003 இல் அதனை வலிந்து செயற்படுத்த முயன்றனர். 2004 இல் நீக்கிவிட்டனர். திரை மட்டும் அன்றும் இன்றும் உண்டு. வெட்டுகின்றவரே திரையிடுகின்றார் என்பது கருதத்தக்கது. செய்யாமல் விடும் நிலை அவர்க்கு இன்னும் வாய்க்கவில்லை. நாணாமற் செய்யவும் அவர் மாட்டார். எம் முகத்தை நோக்காது முட்டையை எடுத்த மாணவர் கையிலும் அத்திரையே இருந்தது. ஊனையே உண்க, அதுவே மக்கட்கு இயற்கை என்று இக்காலத்துப் பறையறைவார் பலர் அத்திரையைக் கிழிக்கச் சொல்லுகின்றனர். அவரோடு எமக்குள்ள மாறுபாடு அதுவே.

வள்ளுவர் புலால் மறுத்தலை இல்லறவியலில் வையாது துறவறவியலில் வைத்தமையும் எம் தீர்ப்பிற்குத் துணையாயிற்று. தீக்கை பெற்றார்க்கு அது இல்லறத்தினும் கடப்பாடாமென்பது நம் மரபு; அம்மரபை யாம் நெகிழ்த்தோமல்லோம். மருத்துவன் ஊனன்றி மருந்தில்லை என்பானாயின் யாம் ஊனை மறுப்போம். அறுபத்தாறு கடந்த எமக்கு மறுத்தல் பெரிதன்று. பெண்மக்கள் இருவரை இன்னும் கரையேற்ற வேண்டிய அவரை, காலையிழந்தாலும் விரதத்தை இழவாதே என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை. ஆகவே மாணவர்க்கு எழுதியது இவ்வளவே: "தம்பி, வகுப்பில் யாம் சொன்ன காரணம் தவறு, விலக்கு தவறன்று. உன் உடம்பு பொய் சொல்லவில்லை. ஆயினும் நீ விட்டது எது, கொண்டது எது என்பதை அது பிரித்துச் சொல்லவும் இல்லை. மருந்தென்று உண்கின்றாயேல் மருந்திற்குரிய அளவும் எல்லையும் அதற்கு வேண்டும். மருத்துவரைக் கலந்து, ஊனை ஒவ்வொன்றாகக் குறைத்து, அவ்விடத்துக் கீரையும் தேங்காயும் பனீரும் வைத்துக் குருதியைச் சோதித்துப் பார். ஏறுமாயின் எமக்கு எழுது." அன்னையார்க்கும் தனியே எழுதினோம்: அடுக்களை அவர்தம் விருப்பப்படியே இருக்கலாம், மகனார்க்குக் காலையில் திருநீறு எடுத்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவேண்டா என்று. எட்டுத் திங்களாக அதனை நிறுத்தியிருந்தாரென்பது பின்னரே எமக்குத் தெரிந்தது.

தைத் திங்களில் மாணவர் ஆட்டிறைச்சியை விட்டார், பங்குனியில் மீனை. சராசரி 6.1 இலிருந்து 6.4 ஆயிற்றென்று எழுதியிருந்தார். முட்டை இன்னும் நிற்கவில்லை. அதனையும் விட்டாற் புண் திரும்புமோ என்று அஞ்சுகின்றார்; அவ்வச்சம் தவறென்று சொல்ல எம்மிடம் சான்றில்லை. கொட்டகையடுப்பில் இப்போது அன்னையார் அவர்க்குக் கீரை கடைந்து தருகின்றாராம். முட்டை அவிக்கும்போது எழுந்து உள்ளே சென்றுவிடுகின்றாராம்.